ஒரே மாணவியின் விளையாட்டுப் போட்டி

என் கணவர் அதிபரான கதையை நான் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் வாழ்த்துவார்கள். எங்கள் ஆட்களுக்கு அதிபர் என்ற சொல் காதில் விழுந்தாலே கை தானாகக் கும்பிடப் போய்விடும். அவருடைய பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது. ஒரு பிள்ளை. பன்னிரண்டு வயது, எங்கள் மகள். பாடசாலை இருந்தது இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடியில், எங்கள் சாப்பாட்டு மேசையில்.

அவருக்கு வேலை மொண்டெல்லோ கடற்கரையில், ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் சமையல். கோடையில் தலை சொறிய நேரம் இருக்காது. குளிர் தொடங்கியதும் முதலாளி தோளில் தட்டி, வசந்தத்தில் வா என்று அனுப்பிவிடுவார். அதன் பிறகு அந்த மனிதரை வீட்டில் வைத்திருப்பது என் வேலை. ஒரு குளிர்காலம் ஒழுகாத குழாய்களை எல்லாம் கழற்றிப் பூட்டினார். பிறகு ஒழுகின. அடுத்த குளிர்காலம் கதவுகளுக்கு வர்ணம் அடித்தார், இன்றைக்கும் ஒரு கதவு முழுதாகச் சாத்தாது. கடைசியில் கழற்றிப் பூட்ட வீட்டில் ஒன்றும் மிஞ்சாதபோது பிள்ளையின் படிப்பில் கை வைத்தார்.

காரணம் லண்டன். இங்கே இருந்த எங்கள் இலங்கைச் சனத்தில் பாதிப்பேர் இத்தாலியக் கடவுச்சீட்டை எடுத்த கையோடு லண்டனுக்கு ஓடினார்கள். எங்களுக்கு அது கைக்கு வருவதற்குள் பிரித்தானியா ஐரோப்பாவை விட்டுப் பிரிந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்திய கதவின் முன்னால் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு நிற்பவர் என் கணவர். லண்டனில் இருக்கும் தன் தமையனிடம் மாதம் ஒருமுறை கேட்பார், தமையன் "பாப்பம்" என்பார். பாப்பம் என்றால் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

"போறதெண்டு முடிவாப்போச்சு, பிறகு இத்தாலியன் படிப்பு என்னத்துக்கு?" என்றார்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் அவர் மகளிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டார். அவள் நாடியை மேலே தூக்கி நாக்கால் ஒரு "ட்ச்" போட்டாள். இந்த ஊரில் அதற்கு வேண்டாம் என்று மட்டுமே அர்த்தம். பஸ் சாரதி முதல் பாதிரியார் வரை எல்லோரும் போடுவது. இவர் கன்னத்தில் அறை வாங்கியவர் போல எழும்பிவிட்டார். "பாத்தீரே, இஞ்சத்தைப் பள்ளிக்கூடம் பிள்ளையைக் கெடுத்துப்போட்டுது!"

இந்த நாட்டில் தாய் தகப்பன் விரும்பினால் பிள்ளையை வீட்டில் வைத்தே படிப்பிக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கோடை தொடங்கும்போது பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு சோதனையில் உட்கார வைத்தால் சரி. அப்படிச் செய்கிற இத்தாலியர்களை நான் வீட்டுவேலை செய்யும் இத்தாலிய அம்மாவின், என் சிஞ்ஞோராவின், வீட்டில் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தோட்டம் இருக்கிறது, பியானோ இருக்கிறது, பிள்ளைக்கு இலைகளின் பெயர் சொல்லித்தர மாமாக்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு இருந்தது சுவரில் ஈரம் ஊறிய ஒரு அறையும், காஸில் எரியும் ஒரு கணப்பும், வேலையில்லாத ஒரு சமையற்காரரும். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நான் விடிய வேலைக்குப் போய்ப் பின்னேரம் திரும்புவதற்கிடையில் பாடசாலை திறக்கப்பட்டுவிட்டது.

சும்மா திறந்தாரா? வெள்ளைச் சீருடை தைத்தார். கழுத்தில் ரை கட்டினார், பிள்ளைக்கும் தனக்கும். இரட்டைப் பின்னல், நாடா. பாடசாலைக்கு மணி வேண்டும் என்று சாமித்தட்டில் இருந்த கைமணியை எடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மணி அடித்தால் எழும்ப வேண்டியது சாமியா பிள்ளையா என்று சாமிக்கே தெரியாது. கீழ்வீட்டுக் கிழவிக்குத் தெரியும். மணி அடித்ததும் அவள் தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பாள், எங்கள் நிலம் அதிரும்.

இன்னும் இருக்கிறது. படுக்கையறையில் இருந்து நேரே சாப்பாட்டு அறைக்கு வந்தால் அது பாடசாலைக்கு வந்ததாகாதாம். ஆகவே என் பிள்ளை காலையில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மூன்று மாடியும் இறங்கி, வாசலைத் தொட்டுவிட்டு, திரும்ப மூன்று மாடியும் ஏறி வந்து கதவைத் தட்டவேண்டும். "மே ஐ கம் இன், சேர்?" பிந்தினால் கதவுக்கு வெளியே நிற்கவேண்டும். தகப்பனைப் பகல் ஒரு மணி வரை அப்பா என்று கூப்பிடக் கூடாது. வந்ததும் தேவாரம், பிறகு அதிபர் உரை. அந்த உரையை எனக்கு வேலை இல்லாத ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "மாணவர்களாகிய நீங்கள்" என்று தொடங்கினார். மாணவர்களாகிய அவள் கொட்டாவி விட்டாள்.

தவணைச் சோதனையும் வைத்தார். வகுப்பில் முதலாம் பிள்ளை. கடைசிப் பிள்ளையும் அவள்தான், அதை அவர் சொல்லவில்லை.

படிப்பித்தது என்னவென்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், அதை மறுக்கமாட்டேன். மற்றதெல்லாம் அவர் தலையில் எது மிஞ்சியிருந்ததோ அது. இலங்கையில் நெல் விளையும் மாவட்டங்களை என் பிள்ளை வரிசையாகச் சொல்வாள். எங்கள் பஸ் போய் நிற்கும் கரையில் உள்ள கடலின் பெயர் அவளுக்குத் தெரியாது. சோதனையில் கேட்கப்போவது இத்தாலியின் ஆறுகளை, இத்தாலிய மொழியில். அவருடைய இத்தாலியம் குசினி இத்தாலியம், உப்பும் நெருப்பும் கெட்ட வார்த்தையும்.

மாசி கடைசியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கொடியில் போட்ட சீருடை நாலு நாளைக்குக் காயாமல் தொங்கும், ஈரத்தோடு அயன் பண்ணி உடுத்துவாள். அந்த நாட்களில் சிஞ்ஞோரா நேரத்தோடு விட்டதால் நான் இரண்டு மணிக்கே வந்துவிடுவேன். வந்தால் மகள் பல்கனியில் நிற்பாள். கீழே அவளுடைய பழைய வகுப்புப் பிள்ளைகள் பள்ளி விட்டுப் போவார்கள், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, கத்திக்கொண்டு. கார்னிவல் திருவிழாக் காலம், கை நிறையக் கடதாசிப் பூவை அள்ளி எறிவார்கள். முன்பெல்லாம் அவள் பெயரைச் சொல்லி மேலே பார்த்துக் கத்துவார்கள். பிறகு கத்தவில்லை. அவள் ரையைக் கழற்றிக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, அவர்கள் முடக்கால் திரும்பும் வரை நிற்பாள்.

"உள்ளுக்கு வாங்கோ, குளிருது" என்றேன்.

"ட்ச்" என்றாள். தகப்பன் காதில் விழாத அளவுக்கு மெதுவாக.

அடுத்த நாள் நான் அந்தப் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா நல்ல மனுஷி. இரண்டாம் தவணை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அவளுடைய வகுப்பிலேயே இடம் இருக்கிறது, திங்கட்கிழமை காலை தாயும் தகப்பனும் சேர்ந்து வந்து தலைமையாசிரியையைப் பாருங்கள் என்றாள். அதற்கு மேல் இழுத்தடித்தால் இந்த வருடம் வீட்டோடுதான், கோடையில் முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் வாய்ச்சோதனை. "தகப்பனும் வரவேண்டும், மறக்காதே" என்று இரண்டாம் முறையும் சொன்னாள். எங்கள் ஆம்பிளைகளைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டில் கதையைத் தொடங்கினேன்.

"இஞ்சருங்கோ, திங்கட்கிழமை ஒருக்கா பள்ளிக்கூடத்துக்கு..."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"பள்ளிக்கூடம்!"

"இஞ்சரும், இப்ப உந்தக் கதை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் போட்டி. தலைக்கு மேலை வேலை கிடக்கு."

நான் பிசைந்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டேன்.

ஊரில் வருடம் பிறந்தால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், கூடாரம், சோடனை, அணிநடை, சுடர், ஓட்டம், கடைசியில் வினோத உடை என்ற வேஷப் போட்டி. எங்கள் ஊர்ப் பாடசாலை வருமானம் இல்லாமலும் இருக்கும், கூரை இல்லாமலும் இருக்கும், விளையாட்டுப் போட்டி இல்லாமல் இராது. இவருடைய கடைசிப் போட்டி நடக்கவில்லை. மகளின் வயதுதான் அப்போது. இல்லக் கூடாரத்தைக் கட்டி முடித்த கையோடு ஷெல் விழத் தொடங்கி, பாடசாலை மறு அறிவித்தல் வரை மூடப்பட்டது. அந்த மறு அறிவித்தல் பிறகு வரவேயில்லை. கலியாணம் கட்டின புதிதில் இதைச் சொல்லிக் கண் கலங்கினார், நானும் கலங்கினேன். ஆனால் எனக்கும் அதே ஷெல்தான். நானும் ஓடினேன், வேலைக்குப் போனேன், பிள்ளை பெற்றேன். ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்து அதற்குப் பாடசாலை திறக்கவில்லை.

"ஒரு பிள்ளையை வைச்சு எப்பிடி இல்லப் போட்டி?" என்று கேட்டேன்.

"ரெண்டு இல்லம். சிவப்பு, நீலம். மாறி மாறி ஓடுவா."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பிரதம விருந்தினர் ஆர்?"

"நீர்தான். வேறை ஆர் இருக்கினம்? சாறி உடுத்துக்கொண்டு வாரும். உரையும் ஆயத்தப்படுத்தும்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பிரதம விருந்தினர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. எவ்வளவு அலட்டினாலும் அதிபர் எழும்பி நின்று கை தட்டவேண்டும். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. உரையின் முடிவில் பிரதம விருந்தினர் பாடசாலைக்கு ஏதாவது தருவதாக அறிவிப்பார், ஒரு தண்ணீர்த் தாங்கி, நாலு கதிரை, கரப்பந்தாட்ட வலை. வேண்டாம் என்று எந்த அதிபரும் மேடையில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"ஓம், வாறன்" என்றேன்.

ஞாயிறு மழை இல்லை. மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறினோம். நான் பட்டுச் சேலைக்கு மேல் குளிர் அங்கி, அவர் ரை கட்டி, கையில் என் மரக்கறி வெட்டும் பலகைகள் இரண்டு. அவை ஓட்டம் தொடங்க அடிப்பதற்கு. மகள் வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு. பஸ் முழுக்கக் கார்னிவலுக்கு வேஷம் போட்ட குழந்தைகள், தேனீ, கடற்கொள்ளைக்காரன், இளவரசி. எங்களுக்கு எதிரில் இருந்த ஒரு சிஞ்ஞோரா மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டாள்.

"எவ்வளவு வடிவாய் இருக்கிறாய்! நீ என்ன வேஷம், செல்லம்?"

மகள் என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். பிறகு இந்த ஊர்ப் பிள்ளையின் இழுவையோடு இத்தாலியத்தில் சொன்னாள்.

"பள்ளிக்கூடப் பிள்ளை வேஷம்."

சிஞ்ஞோரா கை தட்டிச் சிரித்தாள். என் கணவரும் சிரித்தார், மகள் பகிடி விட்டாள் என்று நினைத்து. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

குளிர்காலத்தில் அந்தக் கடற்கரையில் ஒரு குஞ்சு குருமான் இருக்காது. அதிபர் மணலில் கோடு கீறினார். இரண்டு தடி நட்டு, ஒன்றில் சிவப்புத் துணி, ஒன்றில் நீலத் துணி, அவை இல்லங்கள். சுடரைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, பிறகு சுடர் ஏற்றப்பட்டதாக வைத்துக்கொள்வோம் என்றார். அணிநடையில் ஒரு பிள்ளை எனக்கு முன்னால் கைவீசி நடந்து போய் மரியாதை செய்தது. சிவப்பு இல்லம் கடந்து போனதும் அவள் ஓடிப்போய் நாடாவை மாற்றிக்கொண்டு நீல இல்லமாக வந்தாள். நான் இரண்டு இல்லங்களுக்கும் எழும்பி நின்றேன்.

பிறகு ஓட்டம். பலகைகளை அடித்தார், சிவப்பு ஓடியது. நேரம் பார்த்தார். மூச்சு வாங்க விட்டு, சாக்குல்லித் தோட்டங்களில் பிந்திக் காய்க்கும் மந்தரின் பழம் ஒன்றை உரித்து வாய்க்குள் வைத்தார். நாடா மாறியது, நீலம் ஓடியது. சிவப்பு வென்றது. நீல இல்லத்துக்குப் பயிற்சி போதாது என்று நீல இல்லத்தைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். தூரத்தில் நடந்து போன ஒரு கிழவனும் கிழவியும் நின்று பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார்கள். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

வெற்றி மேடைக்கு மூன்று மணல் கும்பம் குவித்திருந்தார். முதலாம் இடத்தில் அவளை ஏற்றிக் கை தட்டினார். இறக்கி, நாடா மாற்றி, இரண்டாம் இடத்தில் ஏற்றிக் கை தட்டினார்.

"மூண்டாவதிலையும் நான்தான் நிக்கிறதோ, சேர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. அது சும்மா இருக்கட்டும்."

மூன்றாம் இடத்தை ஒரு தெருநாய் வந்து மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது.

"அடுத்த நிகழ்ச்சி, வினோத உடை" என்றார் அதிபர்.

"அது பஸ்ஸிலையே முடிஞ்சுது, சேர்" என்றாள் மகள்.

அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது போனது. அப்போதுதான் விளங்கியிருக்கிறது. கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரதம விருந்தினரை உரையாற்ற அழைத்தார்.

நான் சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன்.

"மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, அன்பான மாணவியே. இந்த விழாவுக்கு என்னை அழைத்ததற்கு நன்றி. சிவப்பு இல்லத்தையும் நீல இல்லத்தையும் பாராட்டுகிறேன். இரண்டு இல்லங்களும் வீட்டுக்குப் போய் ஒரே கட்டிலில் படுக்கின்றன. எல்லாப் பாடசாலைகளிலும் பிரதம விருந்தினர்கள் அன்பளிப்புச் செய்வது வழக்கம். தண்ணீர்த் தாங்கி இந்தப் பாடசாலைக்குத் தேவையில்லை. ஆகவே இந்தப் பாடசாலைக்கு நான் பிள்ளைகளை அன்பளிப்புச் செய்கிறேன். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். அவர்கள் இங்கே வரமாட்டார்கள், எங்கள் மாணவிதான் அங்கே போகவேண்டும். நாளைக் காலை, தாயோடும் தகப்பனோடும். தகப்பன் வராவிட்டால் அன்பளிப்புச் செல்லாது."

சொல்லிவிட்டு இருந்தேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. அவள் தகப்பனைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றாள்.

அவர் கை தட்டவில்லை. பலகைகளை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வழக்கமாக அவர் கத்தப் போகும்போது காது சிவக்கும், நான் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது சிவக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது என்னவோ அதைச் செய்தார். நன்றியுரை.

"பிரதம விருந்தினர் அவர்களுக்குப் பாடசாலைச் சமூகத்தின் சார்பில் நன்றி" என்றார். "அவருடைய அன்பளிப்பை..." செருமினார். "ஏற்றுக்கொள்கிறோம். போட்டிகளில் பங்குபற்றிய இல்லங்களுக்கும் நன்றி. மாணவர்கள் கவனிக்கவும். பாடசாலை இன்றுடன் மறு அறிவித்தல் வரை மூடப்படுகிறது."

பாடசாலை மூடுகிறது என்றால் எந்தப் பிள்ளையும் செய்வதை அவளும் செய்தாள். "ஓ!" என்று கத்திக்கொண்டு ரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தண்ணீர் வரை ஓடினாள். அன்று ஓடியதில் அதுதான் வேகமான ஓட்டம், அதற்கு ஒருவரும் நேரம் பார்க்கவில்லை. அவர் குனிந்து அந்த ரையை எடுத்து, மணலைத் தட்டி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

திங்கட்கிழமை அவர் எங்களுக்கு முதலே வெளிக்கிட்டுப் படியடியில் நின்றார். தலைமையாசிரியை கேட்ட எல்லாவற்றுக்கும் "சி, சிஞ்ஞோரா", ஓம் அம்மா, என்றார். அதிபர் அதிபரோடு கதைப்பதாக நினைத்தாரோ என்னவோ, போகும்போது அவருக்குக் கை கொடுத்தார்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை மகள் படியேறி வரும் சத்தம் கீழ்வீட்டுக் கிழவிக்கும் கேட்டிருக்கும். கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வியர்வை, சப்பாத்தெல்லாம் சேறு.

"அப்பா, இண்டைக்கு முற்றத்திலை ஓட்டப் போட்டி! நான் நாலாவது!"

முதலாம் இடத்தை அவள் ஒருநாளும் இப்படிக் கத்திச் சொன்னதில்லை. அவர் குழாயடியில் இருந்து ஈரக் கையோடு திரும்பினார். நாலாவது என்ற சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"எத்தினை பேர் ஓடினவை, பிள்ளை?"

"எல்லாரும், அப்பா."